சர்க்கரை நோய், தூக்கம், கண்: வட ஆற்காட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டுப் பகுதியில், கண் பரிசோதனை முகாம்களுக்கு வரும் சர்க்கரை நோயாளிப் பெண்களோடு பேசுவது என் வேலை. கண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சீக்கிரமே தூக்கத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தூக்கம் கெட்டிருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே பெண்கள் நினைப்பதில்லை. அந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, தூக்கமும் சரியில்லை. இதனால் கண் பாதிக்குமா?

பாதிக்க வாய்ப்பு உண்டு. தூக்கக் குறைவு கண்ணை நேரடியாகத் தாக்குகிறது என்று சொல்ல முடியாது. அது சுற்றி வருகிறது.

முதலில் சர்க்கரை. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. 1999இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில், நோய் எதுவும் இல்லாத 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். அந்த ஆறே நாளில், சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்கள் உடலில் தெளிவாகக் குறைந்தது. நல்ல உடம்புக்கே அந்த நிலை என்றால், ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பின் பாடு தெரிந்ததுதான். மாத்திரையும் சாப்பாடும் மாறாமல் இருந்தும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறி நிற்கிறது என்றால், முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரத்த அழுத்தம். ஆழ்ந்த உறக்கத்தில் அழுத்தம் பகலைவிட பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும். இரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். அடிக்கடி விழிப்பவர்களுக்கு இந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை.

மூன்றாவது, பிராணவாயு. இது பலருக்கும் புதிதாக இருக்கும். விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில், பின்புறம் படிந்திருக்கும் மெல்லிய படலம். உடலில் பிராணவாயுவை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில்தான் அதற்குத் தேவை கூடுகிறது, ஏனென்றால் மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் இருட்டில் ஓயாமல் உழைக்கின்றன. சர்க்கரையால் நுண்குழாய்கள் சேதமான கண்ணில் அந்தத் தேவை இரவில் சரிவர நிறைவேறுவதில்லை. அதோடு தூக்கத்தில் மூச்சுத்தடையும், அதாவது உறங்கும்போது மூச்சு நின்று நின்று வரும் கோளாறும், சேர்ந்துவிட்டால் இரத்தத்தில் பிராணவாயு விட்டுவிட்டுச் சரிகிறது. மூச்சுக்குத் தவிக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி வளரும் குழாய்கள் வலுவில்லாதவை. கசியும், உடையும், கண்ணுக்குள் இரத்தம் கொட்டும்.

அப்படியானால் நன்றாகத் தூங்கினால் கண் நோய் குணமாகிவிடுமா?

ஆகாது. தூக்கம் கெட்டவர்களிடமும், குறிப்பாகத் தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களிடமும், விழித்திரைப் பாதிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குக் கண்ணும் கெடும், தூக்கமும் கெடும். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்த நோயாளிகளுக்கு பிரிட்டனில் மூச்சுத்தடைக்கான சிபாப் கருவியை (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) கொடுத்துப் பார்த்தார்கள். பார்வையில் முன்னேற்றம் தெரியவில்லை. கண்ணுக்கான சிகிச்சையைக் கண் மருத்துவரிடம்தான் பெற வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு பாதை இருக்கிறது. பகல் எது, இரவு எது என்று மூளைக்குச் சொல்லும் தனி வகைச் செல்கள் விழித்திரையில் இருப்பதை 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் பொருள்களைப் பார்ப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. உடலின் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதே அவற்றின் முக்கிய வேலை. சர்க்கரையால் விழித்திரை மோசமாகப் பாதிக்கப்படும்போது இந்தச் செல்களும் தப்புவதில்லை. கண் கெட்டுப்போனவருக்கு இரவில் உறக்கம் வராமல் பகலில் தூங்கி வழிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயதாகிவிட்டது, தூக்கம் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

ஆண்களுக்கும் சர்க்கரை இருக்கிறதே, பெண்களை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

இந்தக் கண் நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு ஆய்வுகள் சிலவற்றில் ஆண்களிடம்தான் சற்று கூடுதலாக இருந்தது. பெண்களின் தூக்கம் கெடும் விதம் வேறு, அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரமும் வேறு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையில் வேன் வருவதற்குள் சமையல் முடிந்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பியிருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் அதற்கும் முன்பே எழ வேண்டும். இரவில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சச் சோற்றைப் பத்து மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்துவிட்டுப் படுக்கிறார்கள். இவர்களிடம் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த அறிவுரை வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

உடல் சார்ந்த காரணங்களும் இருக்கின்றன. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென்று உடல் கொதித்து வியர்த்து விழிப்பு வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு தூக்கத்தில் மூச்சுத்தடை வரும் ஆபத்து பெண்களுக்குக் கூடுகிறது. இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும், உறக்கம் பிடிக்காது. அதே இரத்தசோகை விழித்திரைக்குப் போகும் பிராணவாயுவையும் குறைக்கிறது.

எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குப் பரிசோதனை?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் எனக்குப் பதற்றம் வருகிறது. தொடக்க நிலையில் இந்த நோய்க்கு அறிகுறியே கிடையாது. வலி இருக்காது, கண் சிவக்காது, எழுத்தும் தெளிவாகவே தெரியும். உள்ளே நுண்குழாய்கள் கொப்புளம் போலப் புடைத்து, சிறுபுள்ளிகளாக இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். பார்வை மங்கி வரும்போது நோய் பெரும்பாலும் நெடுந்தூரம் போயிருக்கும்.

குடியாத்தம் பக்கம் ஒரு முகாமில் பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார். வயது நாற்பதுகளின் கடைசி. மடியில் முறத்தை வைத்து, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவது அவர் தொழில். சில மாதங்களாக நூல் இரண்டாகத் தெரிகிறது என்றார். வெள்ளெழுத்து என்று நினைத்து பஸ் நிலையக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டியிருந்தார். கூலி எண்ணிக்கை குறையக் கூடாதே என்று இரவு வெகுநேரம் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து சுற்றுவாராம். கண்ணை விரிய வைத்துப் பார்த்தபோது, விழித்திரையின் மையத்தை ஒட்டி மஞ்சள் திட்டுகள், சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள். அவருக்குத் தேவைப்பட்டது கண்ணாடி அல்ல. சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகளாகியும் அதுவரை யாரும் அவர் கண்ணுக்குள் பார்த்ததில்லை.

நாற்பது வயதைக் கடந்த இந்தியச் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாக 2022இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்த உடனே ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும்.

பரிசோதனையில் பயப்பட எதுவும் இல்லை. சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். கண்மணி விரிந்ததும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், அல்லது படம் எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். நம் ஊர் வெயிலில் அது பெரும் தொல்லை. ஒரு குடையும் துணைக்கு ஒருவரும் வேண்டும். அன்று ஸ்கூட்டி ஓட்டாதீர்கள்.

மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது போதாதா?

2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். மாத்திரை வந்துவிட்டதால் மருத்துவமனைக்குப் போகவே வேண்டாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். விழித்திரையைப் பார்ப்பது தனி வேலை. அதற்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

குறட்டை விடுவது என் கணவர்தான். எனக்கு எப்படி மூச்சுத்தடை இருக்கும்?

பெண்களுக்கு இது வேறு முகத்தோடு வருகிறது. பலத்த குறட்டை இல்லாமலே இருக்கலாம். காலையில் தலைவலி, வாய் வறட்சி, எத்தனை மணி நேரம் படுத்தாலும் தீராத அலுப்பு, நடுவில் விழித்தால் மறுபடி உறக்கம் பிடிக்காமை, காரணமில்லாத எரிச்சல். இவற்றைச் சொன்னால் மனக்கவலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெண்களும் தாங்கள் குறட்டை விடுவதாகச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். உடல் பருமன், தடித்த கழுத்து, மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எதுவும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: எனக்குத் தூக்கப் பரிசோதனை வேண்டுமா? பக்கத்தில் படுக்கும் மகளோ மருமகளோ உங்கள் மூச்சு நின்று நின்று வருவதைக் கவனித்திருந்தால், அவரையும் உடன் அழைத்துப் போங்கள். சிபாப் பார்வையைத் திருப்பித் தராது என்றேன். ஆனால் பகல் அலுப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது குறைக்கும்.

இரவில் வியர்த்துக் கொட்டி விழிக்கிறேன். மாதவிடாய் நிற்கும் கோளாறுதானா?

இருக்கலாம். ஆனால் இன்சுலின் போடுபவராகவோ கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவராகவோ இருந்தால், இரவில் சர்க்கரை தாழ்ந்து போவதும் இதே போலத்தான் தெரியும். வியர்வை, படபடப்பு, கெட்ட கனவு, காலையில் தலைபாரம். ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாறுவது மிக எளிது. வியர்த்து விழித்த அந்த நேரத்திலேயே, வீட்டில் கருவி இருந்தால், விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாள் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுகிறேன். கால் எரிச்சலும் தூங்கவிடுவதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதற்கு அடிக்கடி சிறுநீர் போவது ஓர் அடையாளம். சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் இதுவும் குறையும். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் பெண்களுக்கு எளிதில் வரும் என்பதால் பரிசோதித்துவிடுவது நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் இதற்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. பகலில் நன்றாகக் குடித்து, படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாதம் எரிவது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் எரியும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நரம்பில் பாதிப்பு இருந்தால் கண்ணையும் பார்த்துவிட வேண்டும். சிறுகுழாய்களைத் தாக்கும் அதே நோய்தான் இரண்டு இடத்திலும்.

இருட்டில்தான் விழித்திரைக்குப் பிராணவாயு அதிகம் தேவை என்றீர்களே, விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கலாமா?

இதே யோசனை ஆய்வாளர்களுக்கும் வந்தது. இமையின் மீது மெல்லிய ஒளி விழும்படி ஒரு முகமூடி செய்து, சர்க்கரையால் விழித்திரையின் மையத்தில் வீக்கம் தொடங்கியவர்களை அதை மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். பிரிட்டனில் இரண்டு ஆண்டுகள் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. பயன் இல்லை. அறையில் விளக்கு எரிந்தால் உறக்கம் கெடுவதுதான் மிச்சம். விளக்கை அணைத்துவிட்டே தூங்குங்கள். பார்வை குறைந்தவர்கள் எழுந்து போகும் வழியில் மட்டும் தரையோரம் ஒரு சிறிய விளக்கு இருக்கட்டும்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?

கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும். மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அதை இன்னும் மோசமாக்கும். நடு இரவில் தடுமாறி விழ வைக்கும். கண்ணும் சரியில்லாதவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தக் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், எதற்காக எழுந்தேன், காலைச் சர்க்கரை எவ்வளவு. அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் என்று 1989இல் வந்த ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் மதிப்பெண் ஐந்தைத் தாண்டினால் தூக்கம் கெட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் முதல் தடவைக்கு உங்கள் நோட்டே போதும்.

இரவில் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே?

கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. மாவுச்சத்தும் நிறைய உண்டு. ஒரு பெரிய உருண்டைக் களி சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். அளவைக் குறைத்து, கீரையோ காயோ கூட்டிச் சாப்பிடுங்கள். எதைச் சாப்பிட்டாலும் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மாத்திரைக்கு நேரம் உண்டு.

கர்ப்பமாக இருக்கிறேன். கண்ணைப் பார்க்க வேண்டுமா?

முன்பே சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடலாம். முதல் மூன்று மாதத்திலேயே ஒரு முறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பிரசவத்துக்குப் பின்னும் ஒரு முறை. கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரைக்கு இந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. ஆனால் குழந்தை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் சர்க்கரையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பாதிப்பு இருக்கிறது என்கிறார்கள். லேசர் செய்தால் பார்வை திரும்புமா?

லேசர் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கச் செய்வது. மையத்தில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். அதில் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படுகிறது. ஒரு ஊசியில் முடியாது, பல மாதங்கள் வர வேண்டியிருக்கும். இரண்டாவது ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். யார் கூட்டிப்போவது, அன்றைய கூலி என்னாவது என்பதுதான் தடை. வீட்டில் இதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீண்ட நாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், கண் பாதிப்பு சில மாதங்களுக்குக் கூடித் தெரிவதும் உண்டு. புதிதாக இன்சுலினோ எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசியோ தொடங்குபவர்கள், அதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். இதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைந்தால், கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறுகுழாய்ப் பாதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வு காட்டியது.

வேலூரில் எங்கே போவது?

சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு ஆரணி சாலையில் உள்ள ஷெல் வளாகத்தில் இருக்கிறது. சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902இல் பெண்களுக்காகத் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை இருந்த இடம் அது. கட்டணமில்லாமல் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டத்தினருக்கு வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையும், திருப்பத்தூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் பக்கம். சாதாரணக் கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

கண் முன்னே திடீரென்று கருந்துளிகளோ ஒட்டடை போன்ற இழைகளோ மிதந்தால், மின்னல் போல ஒளி வெட்டினால், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தால், நேர்கோடு வளைந்து தெரிந்தால், அன்றே போங்கள். இன்று வெள்ளிக்கிழமை, நாளை வீட்டில் விசேஷம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும், ஏனென்றால் ஒரு கண் மங்குவதை மற்றொரு கண் மறைத்துவிடும். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை எழுதிய நோட்டு, பழைய கண் படங்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.